இடது கதவின் கண்ணாடி

தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித் தொடங்குவது வழக்கம். இங்கு அனைவரும் என்பது இப்போதைக்கு நான் ஒருவன்தான். உன் அம்மா பெட்டி கட்ட உதவுகிறேன் என்று, நீங்கள் இப்போது இருக்கிற பட்டுக்கோட்டை வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நலத்தைப் பற்றி என்னிடம் உறுதியான தகவல் எதுவும் இல்லை. அடுத்த மாதம் நீயும் மலர்விழியும் குழந்தையும் திருச்சியில் விமானம் ஏறிவிடுவீர்கள். திரும்ப எத்தனை வருடம் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் மகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. அவளை நான் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. நீங்கள் கிளம்புவதற்குள் தூக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதற்கு என்னை அனுமதிக்கலாமா என்பதை நீயும் உன் மனைவியும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முடிவு செய்வதற்குத் தேவையான சில விவரங்கள் உங்களிடம் இல்லை. என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தருவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதை ஏன் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்று நீ கேட்கலாம். வருவாய்த்துறையில் வேலை பார்த்துக்கொண்டே இதே பத்திரிகையில் மாதம் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதியவன் நான். சாதி பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்து எழுதியவை எனக்கு நன்றாக வருகின்றன என்று சொன்னார்கள். அதனால் சாதி மறுப்புத் திருமண மேடைகளுக்கு வாழ்த்துரைக்கு அழைத்தார்கள். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்து, அவர்களுடைய அப்பாக்கள் வராததைப் பற்றி ஒலிபெருக்கியில் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறேன். கூட்டம் நன்றாகச் சிரிக்கும். ஊரைக் கூட்டிப் பேசியவன் உன் காதில் மட்டும் குனிந்து உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது முறையாகாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வலங்கைமான் பக்கம் நம் காரைப் போல ஒன்றுதான் ஓடுகிறது என்பதால், என்னை அடையாளம் காண யாருக்கும் பெயர் தேவைப்படாது. அச்சுக்குப் போகும் முன் இது உன் கைக்கு வரும். மலர்விழி வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதை நகைச்சுவைப் பக்கத்தில் போட வேண்டாம் என்று.

நம் காரை உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா வாங்கியது. மொத்தம் இரண்டே கதவு. கதவின் மேல்பாதியில் சட்டம் கிடையாது. மற்ற கார்களில் கண்ணாடி ஒரு சட்டத்துக்குள் ஏறி இறங்கும். இதில் கண்ணாடியைத் தூக்கினால் அது பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். கதவை மூடும்போது கூரை விளிம்பில் ஓடுகிற ரப்பரில் தானாகப் போய் அழுந்த வேண்டும். ஒரு நூல் உள்ளே சாய்ந்தால் ரப்பரைக் கிழிக்கும், ஒரு நூல் வெளியே சாய்ந்தால் மழை உள்ளே வரும். வலது கதவு ஒருபோதும் தொந்தரவு செய்ததில்லை. இடது கதவு மட்டும் நெடுங்காலமாகவே தகராறுதான்.

கும்பகோணத்தில் பட்டறை வைத்திருக்கிற ஹமீது பாய்க்கு இந்த வேலையில் ஒரு வரிசை உண்டு. "மொதல்ல கதவு, அப்பறம் கண்ணாடி, கடசியாத்தான் சார் ரப்பரு. ரப்பர்லேருந்து ஆரம்பிக்கிறவன் மழைய ஏமாத்தப் பாக்கறான். அது ஏமாறாது" என்பார். முதலில் கீல் பக்கம் தகடு வைத்துக் கதவை நேராக நிறுத்த வேண்டும். பிறகு உள்பக்க அட்டையைக் கழற்றி, கண்ணாடி ஓடுகிற தண்டவாளத்தை முன்னும் பின்னும் நகர்த்தி அதன் சாய்வைச் சரி செய்ய வேண்டும். பிறகு, கண்ணாடி எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைத் தீர்மானிக்கிற நிறுத்து திருகாணியை வைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரப்பரைத் தொட வேண்டும். நம் வீட்டில் ரப்பரிலிருந்துதான் தொடங்கினோம். கண்ணாடி கோணலாக நின்றது, என் அப்பா தடித்த ரப்பராக வாங்கி ஒட்டினார். அது அமுங்கியதும் அதன்மேல் இன்னொன்றை நான் ஒட்டினேன். தண்ணீர் நின்றது. ஆனால் கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும் என்றாகிவிட்டது. சின்ன வயதில் நீ அந்தக் கதவை மூடும்போதெல்லாம் "மெதுவா மூடத் தெரியாதா?" என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். மெதுவாக மூட முடியாதபடி செய்து வைத்தவன் நான். உனக்குக் கொடுப்பதற்கு என்னிடம் இருக்கிற அறிவுரை அநேகமாக இதுதான். இடைவெளி தெரிகிறதே என்று தடித்ததாக எதையாவது வைத்து அடைக்காதே. அட்டையைக் கழற்றி உள்ளே எது கோணல் என்று பார். நான் பார்த்ததில்லை.

நீ மலர்விழியைப் பற்றிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்கிறேன். அப்போது நீங்கள் இருவரும் வேலையில் இருந்த சென்னையிலிருந்து பேசினாய்.

"அப்பா, ஒரு பொண்ணப் புடிச்சிருக்கு. கூட வேல பாக்கறா. மலர்விழின்னு பேரு."

"சந்தோஷம்டா. எந்த ஊரு?"

"பட்டுக்கோட்டைப்பா."

"பட்டுக்கோட்டையே பூர்வீகமா?"

நீ சிரித்தாய். "இல்லப்பா. பூர்வீகம் நம்ம ஊர்தான்."

"நம்ம ஊர்ல யாரு?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட. காத்தமுத்து பேத்தி."

இந்த உரையாடலை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மகன் சொல்கிறான். அவள் எப்படிப்பட்டவள், என்ன படித்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மூன்று கேள்வி கேட்டேன், மூன்றும் ஒரே கேள்வி. மேடையில் இதைத்தான் "முகவரி விசாரிக்கிற முற்போக்கு" என்று கிண்டல் செய்வேன். உன்னிடம் "நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு நிலை உண்டு. மறுத்தால் மேல்முறையீடு வரும், ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் வைத்திருப்பதற்குப் பெயர் அது. அன்றிலிருந்து உன் கல்யாணம் என்னிடம் அந்த நிலையில்தான் இருந்தது.

காத்தமுத்து நம் வயலில் வேலை செய்தவர். நான் கல்லூரியில் படிக்கும்போது, ஐப்பசி மழையில் களை எடுத்துக்கொண்டிருந்தவரை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. என் அப்பா யோசிக்காமல் காரை எடுத்தார். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காத்தமுத்து பிழைத்துக்கொண்டார். இது நம் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. கார் வாங்கியதற்கு அது ஒன்றே போதும் என்பார்கள். நானும் என் வாழ்த்துரைகளில் இரண்டு மூன்று முறை இதைச் சேர்த்திருக்கிறேன். சொல்லும்போது நாங்கள் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. அவரை முன்னிருக்கையில் ஏற்றும் முன் அப்பா என்னை ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னார். இருக்கையில் விரித்தேன். ஏற்றியதும், "அவன் பக்கம் கண்ணாடிய எறக்கி விடுடா, காத்து வரட்டும்" என்றார். இறக்கினேன். நல்ல மழை. தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை அவர் இடது பக்கம் முழுவதும் நனைந்துகொண்டே வந்தார். நான் பின்னால் உலர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏற்றிவிடலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று உள்ளே இறங்கிய தண்ணீரில்தான் இடது கதவு கெட்டது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஹமீது பாயிடம் ஒருமுறை சொன்னேன். "ஒரு நாள் மழைக்கெல்லாம் துரு வராது சார். கதவுக்கு அடில தண்ணி வடியற ஓட்டைய எல்லாம் பெயிண்டு அடிச்சு அடச்சு வெச்சிருக்கீங்க. வருஷக்கணக்கா உள்ளயே நிக்குது" என்றார்.

இந்தக் கதை மலர்விழி வீட்டிலும் இருக்கிறது என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும். "அவங்க தாத்தா சொல்லுவாராம்ப்பா, பாம்பு என்னைக் கொல்லல, ஒங்க கார்ல அடிச்ச குளுரு கொன்னுருக்கும்னு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். மலருக்கு அந்தக் கார்லயே மாப்பிள்ளை அழைப்பு வரணும்னு ஆசைப்பா. நீங்கதான் ஓட்டணுமாம்." உனக்கு அது ஒரு குறும்பாகத் தெரிந்தது. எனக்கும் அது புரியாமல் இல்லை. அவள் தாத்தா நனைந்துகொண்டு வந்த இருக்கையில் உன்னை உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நான் ஓட்டிக்கொண்டு அவள் மண்டப வாசலுக்கு வர வேண்டும். ஒரு குடும்பத்தை மன்னிப்பதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்க முடியாது. அவள் கேட்டது அவ்வளவுதான். நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "எடுத்துட்டு வரேன். ஆனா இடது கண்ணாடி சரியா ஒக்காரலடா. ஐப்பசி மழ. பாக்கறேன்."

கல்யாணம் வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் மாலை பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. நீ நண்பர்களோடு நேராகப் பட்டுக்கோட்டை போய்விட்டாய். உன் அம்மா புதன்கிழமை காலையிலேயே பஸ்ஸில் கிளம்பினாள். கிளம்பும்போது கார் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு வந்துருவீங்கல்ல?" என்றாள். கண்ணாடி சரியாகிவிட்டால் வருகிறேன் என்றேன். "மழ வந்தா ஒரு துண்ட எடுத்து அடைச்சுக்கிட்டு வாங்க. அதுக்கு மேல அதுல என்ன இருக்கு?" என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஹமீது பாய் வந்தார். பழைய ரப்பர் இரண்டையும் உரித்தெடுத்தார். கீலுக்குத் தகடு வைத்தார். தண்டவாளத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தி, கண்ணாடியின் சாய்வை மயிரிழை மயிரிழையாகக் கொண்டுவந்தார். அடியில் அடைபட்டிருந்த ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்தபோது, எந்த வருடத்துத் தண்ணீரோ, கறுப்பாக வடிந்தது. கடைசியில் புது ரப்பர். எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுந்துகிறதா என்று பார்க்க, காகிதத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்ப்பார். "கிழிக்க ஏதாவது பேப்பர் இருக்கா சார்?" என்று கேட்டார். உள்ளே போய் ஒரு உறையை எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கியவர் திருப்பிப் பார்த்தார்.

"பையன் கல்யாணமா? சொல்லவே இல்ல. நாளன்னிக்கா? இதப் போயி ஏன் சார் கிழிக்கறீங்க?"

"மிச்சம் பாய்."

அவர் ஷெட்டு வாசலிலிருந்து எட்டிக் கூடத்து மேசையைப் பார்த்தார். "கட்டே பிரிக்கல போலருக்கே சார்?"

நம் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி நீ என்னிடம் விட்டுப்போன அழைப்பிதழ் அது. முழுக் கட்டு. உன் கல்யாணத்துக்கு உன் அம்மாவைத் தவிர நம் பக்கத்திலிருந்து யாருமே வரவில்லை என்று நீ ஒருமுறை வருத்தப்பட்டாய். அவர்களைத் திட்டி நான்கூட இரண்டு வார்த்தை சொன்னேன். அவர்கள் வந்திருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தால்தானே வருவதற்கோ மறுப்பதற்கோ?

துண்டு எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாக வந்தது. பாய் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. இரண்டு விரலால் தள்ளினால் கதவு மூடியது. அந்தக் காரின் வாழ்நாளில் அந்தக் கதவு அப்படி மூடி நான் பார்த்ததில்லை. "இனிமே இது பேசாது சார். தைரியமா மாப்பிள்ளைய ஏத்துங்க" என்று சொல்லி மூன்று மணிக்குக் கிளம்பினார்.

நான்கு மணிக்கு நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அட்டையைக் கழற்றி, நிறுத்து திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். தண்டவாளத்தின் போல்ட்டையும் தளர்த்தினேன். கண்ணாடி ஒரு விரற்கடை வெளியே சாய்ந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே வந்தது. அதன் பிறகுதான் உனக்குப் பேசினேன், பாய் வந்து பார்த்தும் சரியாகவில்லை என்று. பொய் சொல்லும்போது ஆதாரத்தை முதலில் தயார் செய்துகொள்வது அலுவலகப் பழக்கம். நீ, "ரிஸ்க் எடுக்காதீங்கப்பா. கார விடுங்க, பஸ்ல வாங்க" என்றாய். கதவைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறேன், திறந்த வண்டியைப் போட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். நம் ஷெட்டுக்குப் பூட்டு உண்டு. அது உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில், மணவறைக்குப் போகும் முன், மறுபடி நீயே பேசினாய். "பரவால்லப்பா. மழ ஜாஸ்தியா இருக்கு, நீங்க அலையாதீங்க." நான் வராததற்குக் காரணத்தைக்கூட என்னைச் சொல்லவிடாமல் நீயே சொல்லிக் கொடுத்தாய்.

கோபத்தினால்தான் இப்படிச் செய்தேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். கோபம் இல்லை. கோபத்தில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடம் இருந்தது கூச்சம். மறுநாள் வாய்க்கால் ஓரம் நடந்து போகும்போது, நம் பக்கத்து ஆட்கள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாகக் கும்பிடுவார்களே, அந்தத் தாமதத்தை நினைத்துத்தான் பயந்தேன். இத்தனை வருடம் எழுதிய கட்டுரைகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, அந்த அரை நொடியை இன்னொரு தட்டில் வைத்தால், அரை நொடி இறங்குகிறது. இதை நான் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கட்டுரை எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு தராசு தேவைப்படுவதில்லை.

அதன் பிறகு நடந்ததில் கொஞ்சம் வேடிக்கை உண்டு. கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டதால் அதைக் கெட்ட நிலையிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. விசாரித்தவர்களிடம் எல்லாம் கதவைத் திறந்து காட்டினேன். ரப்பர் கிடைக்கவில்லை என்றேன், சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். கழற்றிய அட்டை ஷெட்டுச் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. ஒரு பொருளைச் சரியாக வைத்திருப்பதைவிட ஒரே அளவில் கெட்டதாக வைத்திருப்பதற்கு அதிக உழைப்பு தேவை. நீங்கள் இருவரும் வருகிறோம் என்றபோது கார் இல்லாமல் உங்களை ரயிலடியில் அழைக்க முடியாதே என்றேன். வளைகாப்புக்கு வரவில்லை. குழந்தை பிறந்ததற்கும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் உன் அம்மா பஸ்ஸில் வந்தாள். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், "ஏங்க, அந்தக் கண்ணாடி இல்லாட்டி நீங்க வேற எத ஒடச்சிருப்பீங்க?" நான் குழம்பு கேட்டேன். ஊற்றினாள்.

நீங்கள் வெளிநாடு போவது உறுதியானதும் ஹமீது பாயை மறுபடி அழைத்தேன். அவர் அட்டை இல்லாத கதவுக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் கச்சிதமா வெச்சுட்டுப் போனனே சார். யாரு கைய வெச்சது?"

"எலியா இருக்கும் பாய்."

"எலிதான். திருகாணிய அளவா ரெண்டு சுத்து மட்டும் லூஸ் பண்ணிருக்கு. படிச்ச எலி சார்" என்றார். கால் மணி நேர வேலை. எனக்குத் தெரிந்ததைத்தான் அவரும் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொல்லாமல் காரைப் பார்த்து "வரேன்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் கிளம்பினேன். நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக வந்தேன். வழியெல்லாம் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வழியில் நிறுத்தி, குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கினேன். பட்டுக்கோட்டை வந்து உங்கள் தெருவுக்குள் திரும்பியதும் என் பக்கக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். இடது கண்ணாடி முன்பே ஏற்றியிருந்தது. வெயில் கொளுத்துகிற பதினொரு மணிக்கு ஒரு மனிதன் இரண்டு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு வருவான் என்றால் அவன் எதற்கோ பயந்துகொண்டு வருகிறான் என்று அர்த்தம். உங்கள் வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். இறங்கவில்லை. இறங்கினால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்தேன். மேடையில் எழுந்து நின்றால் வார்த்தை தானாக வருகிற ஆள் நான். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சட்டை முழுவதும் நனைந்துவிட்டது.

குழந்தைத் துணிகளைக் காயப்போட மலர்விழி வெளியே வந்தாள். காரைப் பார்த்ததும் நின்றாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு இடது கதவருகே வந்து குனிந்தாள். அவள் முகத்தில் என்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அதை எதிர்பார்த்து நான் தயாராக வந்திருந்தேன். ரப்பர் ஓரமாக ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். பாயின் வேலை அவ்வளவு சுத்தம், ஒன்றும் கேட்கவில்லை. உதடு இரண்டு முறை சேர்ந்து பிரிந்ததை வைத்து முதல் சொல் 'மாமா' என்று தெரிந்துகொண்டேன். மற்றது தெரியவில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைச் சுற்றிக் காட்டினாள். நான் சாய்ந்து இடது கைப்பிடியைப் பிடித்தேன். கால் சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். அப்போது ஒன்று செய்தேன் தம்பி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பலம் முழுவதையும் போட்டுச் சுற்றுவதுபோல் தோளைக் குலுக்கினேன். முகத்தைச் சுளித்தேன். பிறகு கையை விரித்து, வரவில்லை என்று காட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமலே அவ்வளவு நன்றாக வந்தது.

அவள் நம்பினாள். இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். நான் காரைக் கிளப்பினேன். தெருமுனை திரும்பும் முன் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தேன். அவள் வாசலுக்கு வெளியே, தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர். ஜன்னல் திறக்காவிட்டாலும் கண்ணாடி வழியாகவாவது நான் பார்க்கட்டும் என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். உன் மகளை நான் பார்த்தது அப்படித்தான். முகம் தெரியவில்லை. மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். மன்னார்குடி வரும் வரை கார் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு ஓரமாக நிறுத்தி வைத்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்னைப் பற்றி இதுவரை எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை, சமயம் வந்தால் சரியாக நடந்துகொள்வேன் என்பது. சமயம் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தது. இனி ஒரு சமயம் கொடுத்தால் மட்டும் என் கை எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்று மாலை உன் செய்தி வந்தது. "கண்ணாடி மறுபடி மாட்டிக்கிச்சாப்பா? மலர் சொன்னா. நானும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தோம். வெயில்ல திரும்பப் போயிட்டீங்களாமே. பரவால்ல. ஞாயித்துக்கிழம அம்மாவையும் கூட்டிக்கிட்டு மூணு பேரும் அங்க வரோம். நம்ம ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணிரலாம்."

மூன்று நாளாக நான் பதில் எழுதவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்துவிடுவீர்கள். நாம் இருவரும் அட்டையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மலர்விழி குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு உன் அம்மாவுக்கு உதவப் போவாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும். உங்கள் விமானம் போன பிறகும் உங்கள் இருவர் நினைவிலும் நான் கண்ணாடி சரியில்லாத ஒரு பாவப்பட்ட கிழவனாக இருப்பேன். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை என்று இரண்டு நாள் எனக்கு நானே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஸ்க்ரூடிரைவரோடு தெருவில் நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறாள். அவளை மறுபடியும் ஒன்றுமில்லாததைச் சரி செய்ய வரவைக்க முடியாது.

இதை மலர்விழிக்குப் படித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாமல் படி. ஞாயிற்றுக்கிழமை வருவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் அவளைச் சமாதானம் செய்ய முயலாதே. எனக்காக நீ கண்டுபிடித்துக் கொடுத்த காரணங்கள் போதும்.

நீ கேட்டதற்குப் பதில் இது. கண்ணாடி மாட்டிக்கொள்ளவில்லை. கிளம்பும் முன் மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு விரலால் சுற்றினாலே இறங்குகிறது.

அப்பா